கை பதினொன்று, இடுப்பு நாற்பது

பொன்னி டேப்பை மறுபடியும் அக்காவின் மேல்கையைச் சுற்றிப் பிடித்தாள். பதினொன்று. முதல் தடவையும் பதினொன்றுதான் வந்தது. பழைய டேப், இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும் என்று டிராயரிலிருந்து புது டேப்பை எடுத்து மூன்றாவது தடவை அளந்தாள். அதுவும் பதினொன்றுதான் காட்டியது.

“இன்னாடி, ஜாக்கெட்டுக்கு அளக்கறியா, கைக்கு விலங்கு போடறியா?” என்றாள் அருணாதேவி.

“சும்மா நில்லுக்கா. பேசாத.”

கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் பொன்னி தையல் கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவருக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அக்காவின் பக்கத்தைப் புரட்டினாள். பொங்கலுக்குத் தைத்தபோது எழுதியது: கை பன்னிரண்டரை, இடுப்பு முப்பத்தாறு. அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டுப் புது அளவை எழுதினாள். கை பதினொன்று, இடுப்பு நாற்பது. எழுதிவிட்டு அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உடம்பு போடுகிறவளுக்குக் கையும் போடும். இளைக்கிறவளுக்கு இடுப்பும் இளைக்கும். மேலே வற்றிக்கொண்டே போய் நடுவில் மட்டும் பெருக்கிற உடம்பை அவள் கர்ப்பிணிகளிடம்கூடப் பார்த்ததில்லை. அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“எத்தனை நாளா இப்டி இருக்கு?”

“கேஸ்டி. ஒண்ணுமே துண்ண முடியல. ரெண்டு இட்லி உள்ள போச்சுன்னா விருந்து சாப்ட்ட மாதிரி திம்முனு நெறஞ்சிடுது.” அருணாதேவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “பாத்ரூம் எங்கடி? பஸ்ல வரும்போதே முட்டிக்கிச்சு.”

“வந்ததும் போனியே.”

“அது வந்ததும். இது இப்ப.”

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் அக்காவுக்கு ஒரு டீக்கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிய விடிய நின்று வியாபாரம் பார்ப்பவள். இப்போது பத்தடி தள்ளியிருந்த பாத்ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நின்றாள்.

“டாக்டர்கிட்ட போனியா?”

“மூணு பேருகிட்ட போயாச்சு. ஒருத்தர் கேஸுக்கு மாத்திரை குடுத்தாரு. ஒருத்தர் யூரின்ல கிருமின்னாரு. மூணாவது ஆளு, இந்த வயசுல வயிறு போடும்மா, காலைல நடங்கன்னாரு. மலையைச் சுத்தறவங்க ஊர்ல இருக்கேன், என்னை நடக்கச் சொல்றாரு பாரு!”

“யாராவது வயித்தைத் தொட்டுப் பாத்தாங்களா?”

“நாக்க நீட்டச் சொன்னாங்க.”

பொன்னிக்குக் கையிலிருந்த டேப்பை விட்டெறியலாம் போல இருந்தது. மூன்று டாக்டர்கள், பொங்கலிலிருந்து ஏழு மாதம், ஒருவர்கூட அக்காவைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைக்கவில்லை.

“சரி, கையை மட்டும் பிடிச்சுத் தை. தொளதொளன்னு இருந்தா சம்மந்தி வீட்டுல அசிங்கம்,” என்றாள் அருணாதேவி. மகள் கவிநிலாவுக்கு ஆவணி இருபதாம் தேதி நிச்சயதார்த்தம். அதற்குத்தான் இந்தப் பட்டு ஜாக்கெட். “அம்மாவும் கடைசில இப்டித்தான் இருந்துச்சு. ஜாக்கெட்டு தோள்லேந்து வழியும், பாவாடை நாடா முடிச்சுப் போடப் பத்தாது. நான்தான் நாடாவுல ஒட்டுப் போட்டுக் குடுப்பேன்.”

சொன்னதை அவளே கவனிக்கவில்லை. கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பொன்னி தையல் மிஷினில் உட்காரப் போனாள். உட்காரும் முன் வழக்கம்போலக் குனிந்து, மிதிகட்டைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக எங்கே கால் வைத்தாலும் முதலில் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். வாசல்படி இறங்கும்போது ஒரு மிதி மிதித்துச் சத்தம் எழுப்பிவிட்டுத்தான் இறங்குவாள். அம்மா பாம்பு கடித்துச் செத்துப்போனவள். செஞ்சியில் பெரியம்மா வீட்டுக்குக் கடலைக்காய் பிடுங்கப் போன இடத்தில் கடித்துவிட்டது என்றார்கள். அப்போது பொன்னிக்குப் பன்னிரண்டு வயது. வேனில் கொண்டுவந்து இறக்கிய அம்மாவின் வயிறு புடவைக்குள் பானை மாதிரி மேடாக இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. விஷம் ஏறினால் வீங்கும் என்று அப்பா சொன்னார்.

குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே கேட்டாள்.

“அக்கா, பாம்பு கடிச்சவளுக்கு எப்பக்கா ஜாக்கெட் லூஸாவும்?”

கைப்பைக்குள் துழாவிய கை நின்றது.

“எப்பக்கா நீ நாடாவுக்கு ஒட்டுப் போட்ட? கடிச்ச அன்னிக்கேவா?”

“வேலையைப் பாருடி.”

“சொல்லு.”

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அதன் சத்தம் அடங்கும்வரை அருணாதேவி காத்திருந்தாள்.

“வயித்துல கட்டி,” என்றாள். “பிள்ளைப்பை பக்கத்துலன்னு சொன்னாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில பாத்துட்டு, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பெரியம்மா வூட்டுல வச்சிருந்தோம். அப்பதான் எனக்கு உங்க மாமா வூட்டுல பேசிட்டு இருந்தாங்க. புற்றுநோய் வூட்டுப் பொண்ணுன்னா யாரு எடுப்பாங்க? அப்பாதான் பாம்புன்னு சொன்னாரு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவும் கூடாது.” அக்காவின் குரல் இறங்கியது. “இப்ப கவிநிலாவுக்கு மாப்ள வூட்டுல, குடும்பத்துல ஏதாவது வியாதி இருக்கான்னு கேட்டாங்க. உங்க மாமா நெஞ்ச நிமித்திச் சொன்னாரு, சர்க்கரைகூட இல்லிங்கன்னு. வாயத் தொறந்தே, உன்னக் கொன்னுடுவேன்.”

அதற்குப் பிறகு பத்து நாள் வீணாகப் போனது. பொன்னி தினமும் போன் செய்தாள். முதல் நாள் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கப் போயிருந்தார்கள். அடுத்து மண்டபத்துக்காரனைப் பார்க்க வேண்டியிருந்தது. பொன்னி கெஞ்சி வாங்கிய ஸ்கேன் தேதி பௌர்ணமியன்று விழுந்தது. அன்று காலையிலிருந்தே பஸ்களை ஊருக்கு வெளியில் நிறுத்திவிட்டார்கள். அக்காவோ, வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எனக்கு வியாபாரம், அதுலயும் வந்து கைய வைக்காத என்று போனை வைத்துவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த லட்சம் பேர் மலையைச் சுற்றிப் போக, ஊரிலேயே இருக்கிற ஒருத்தியால் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

எரிச்சலில் மாமாவிடமே பேசினாள். சக்கரபாணி மாமா பால் சொசைட்டியில் கணக்கர். யாரையும் கடிந்து பேசாதவர்.

“மாமா, அக்கா சாப்பிடறதே இல்ல, கவனிச்சீங்களா?”

“அவ விரதம்மா! கவிநிலா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு. நான் கேக்கல, அவளும் சொல்லல. பக்கத்து வூட்டுல எல்லாரும் அப்டித்தான் பேசிக்கறாங்க.”

“வயிறு ஏன் மாமா பெருசாவுது?”

“எனக்குந்தான் பெருசாயிருக்கு, நீ கேட்டியா?” என்று சிரித்தார்.

போனை வைத்த பிறகு பொன்னிக்கு ஜாக்கெட் தைக்கக் கை ஓடவில்லை. பத்து நாளில் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை, ஆனால் அந்த உடம்பு சும்மா இருக்குமா? அரைகுறையாகக் கிடந்த பட்டை மடித்துப் பையில் போட்டாள், அளவு நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டாள், கடையைப் பூட்டினாள். டீக்கடைக்கே போய், வாடிக்கைக்காரர்கள் எதிரில் அக்காவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். நாற்பத்தொன்றரை.

“இன்னாடி இது, தெருவுல வச்சு!”

“இன்னும் ஒரு வாரத்துல இந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட முடியாது. மேடைல கொக்கி தெறிச்சா பரவால்லியா? ஆட்டோவுல ஏறு. இல்லன்னா இங்கயே கத்துவேன். எதைக் கத்துவேன்னு உனக்குத் தெரியும்.”

அருணாதேவி டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். விஷயம் என்ன என்று புரியாமலேயே, கடையில் இருந்த மாமாவும் கூட வந்தார்.

போளூர் சாலையில் இருந்த அந்த மருத்துவமனையில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காருங்கள் என்றாள் ஸ்கேன் அறைப் பெண். அக்கா அடக்க முடியாமல் இரண்டு தடவை எழுந்து போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண், “மறுபடி மொதல்லேந்து குடிக்கணும்மா” என்று சலித்துக்கொண்டாள். அடக்க முடியாததுதான் நோய் என்று அவளிடம் யார் சொல்வது?

டாக்டர் மணிமொழிக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்கேன் தாளைப் படித்தார். பிறகு மற்ற மூவரும் செய்யாததைச் செய்தார். அக்காவைப் படுக்கவைத்து, வயிற்றின் ஒரு பக்கத்தில் கையை வைத்து மறுபக்கத்தில் மெல்லத் தட்டினார்.

“எவ்ளோ நாளா வயிறு உப்பலா இருக்கு?”

“இப்பதாங்க, கொஞ்ச நாளா,” என்றாள் அக்கா.

பொன்னி நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அந்த இரண்டு வரிகளையும் தேதிகளையும் படித்தார். அவற்றின் கீழே இன்று டீக்கடையில் நின்றபடி கிறுக்கிய மூன்றாவது வரியையும் படித்தார்.

“யாரு எழுதுனது?”

“நான். டெய்லர்.”

“நல்ல வேலை பண்ணீங்க.” டாக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வயித்துல தண்ணி சேந்திருக்கும்மா. இடது பக்கம் சினைப்பைல ஒரு கட்டி தெரியுது. கொஞ்சமா சாப்ட்டாலே நிறையறது, அடிக்கடி யூரின், வயிறு உப்பறது, கை காலெல்லாம் இளைக்கறது, எல்லாம் அதனாலயா இருக்கலாம். இது இன்னதுன்னு ஸ்கேனை மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனை, சி.டி., எல்லாம் எடுக்கணும். கட்டியை எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். ஆனா இதுக்கு மேல தள்ளிப் போடக்கூடாது. இப்ப ஒரு கேள்வி, யோசிச்சுச் சொல்லுங்க. உங்க அம்மா, அக்கா தங்கச்சி, சித்தி, பெரியம்மா, யாருக்காவது சினைப்பைலயோ மார்புலயோ புற்றுநோய் வந்திருக்கா?”

“இல்லிங்க,” என்றாள் அக்கா.

“அம்மா எப்டி இறந்தாங்க?”

“பாம்பு கடிச்சிடுச்சுங்க,” என்றார் சக்கரபாணி மாமா முந்திக்கொண்டு. மனைவிக்கு உதவுகிற நல்ல முகத்தோடு. “கடலைக் கொல்லைல. நல்ல பாம்பு.”

டாக்டர் எழுதப் போனார்.

பொன்னி அக்காவைப் பார்த்தாள். அக்கா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அந்த அறையில் பொன்னி வாயைத் திறந்தால் ஒரு நொடியில் முடிந்துபோகும். அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பேனா தாளில் பட்டதும் அவளால் முடியவில்லை.

“எழுதாதீங்க டாக்டர். அக்கா, இங்க பாரு. நான் இருபத்தாறு வருஷமா தரையைப் பாத்தே நடந்திருக்கேன். கொல்லைக்குப் போனா டார்ச்சு, வாசல்ல இறங்குனா ஒரு மிதி, மிஷின்ல உக்காரதுக்கு மின்ன குனிஞ்சு ஒரு பார்வை. என் வூட்டுக்காரரு கூட கேலி பண்ணுவாரு. தப்பான பக்கம் பாத்துட்டு இருந்தேன்க்கா நானு. உன் வயித்தைப் பாக்காம வுட்டுட்டேன். கவிநிலாவும் தரையைப் பாத்தே நடக்கட்டுமா? சொல்லு. அவளுக்கும் ஒரு பாம்பைக் காட்டிட்டுப் போவப் போறியா?”

மின்விசிறி ‘டக் டக்’கென்று ஓடிக்கொண்டிருந்தது. மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாம்பு இல்லிங்க,” என்றாள் அருணாதேவி. டாக்டரிடம்தான் சொன்னாள், கண் மட்டும் இன்னும் மேசை விளிம்பில் இருந்தது. “அம்மாவுக்கு இதேதான். நாப்பத்தெட்டு வயசு. அம்மாகூடப் பொறந்த பெரியம்மாவுக்கு மார்ல கட்டி வந்து ஒரு பக்கம் எடுத்தாங்க, மூணு வருஷம் இருந்தாங்க.”

டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். எழுதி முடித்ததும் அக்காவைப் பார்த்து, “இதைச் சொன்னதே பெரிய உதவிம்மா,” என்றார். “ஒரே குடும்பத்துல இப்டி வந்தா ரத்த வழியா வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. உங்களுக்கு மரபணுச் சோதனை பண்ணணும். அதுல வந்ததுன்னா உங்க தங்கச்சிக்கும் பொண்ணுக்கும் பண்ணணும். இருந்தா வந்தே தீரும்னு இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சா என்ன செய்யலாம்னு யோசிக்க நேரம் இருக்கும்.” பொன்னியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் குழந்தைங்க?”

“இல்ல.”

“வயசு?”

“முப்பத்தெட்டு.”

அதையும் எழுதிக்கொண்டார். குழந்தை பெறாததும் இதில் ஒரு கணக்கு என்று பொறுமையாக விளக்கினார். குழந்தை இல்லாததற்கு இதுவரை ஊர் சொன்னதெல்லாம் போதாதென்று இது வேறா என்று பொன்னிக்குச் சிரிப்புதான் வந்தது.

வேலூரில் தனக்குத் தெரிந்த மருத்துவமனைக்கு டாக்டரே போன் செய்தார். வருகிற புதன்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். ஆவணி இருபது வெள்ளிக்கிழமை.

வெளியே வந்ததும் மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எதிரே நிற்கிற மலையைப் பார்த்தார்.

“ஆடி வெள்ளிக்கு ஆடி வெள்ளி புத்துக்குப் பால் ஊத்துனேனேடி,” என்றார் கடைசியில். “உங்கம்மாவைக் கடிச்ச தோஷம் நம்ம புள்ளைக்கு வரக்கூடாதுன்னு. ஒரு வருஷங்கூட வுடல. நீயும் பக்கத்துல நின்னு கையெடுத்துக் கும்புட்டியே.”

“கும்புட்டேன்.”

“ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்ல?”

“எப்ப சொல்றது? கல்யாணத்துக்கு மின்ன சொன்னா கட்டிக்க மாட்டீங்க. பின்ன சொன்னா ஏமாத்துனேம்பீங்க.”

மாமாவுக்குக் கோபப்படவும் ஆசையாக இருந்தது, பயப்படவும் வேண்டியிருந்தது. இரண்டில் எதை முதலில் செய்வதென்று தெரியாமல் ஸ்கேன் உறையை நீவிக்கொண்டே இருந்தார்.

“நிச்சயத்தை முடிச்சுட்டுப் போலாம்,” என்றார் பிறகு. “ரெண்டே நாள்தானே வித்தியாசம்.”

பொன்னிக்குத் தலைக்கு ஏறியது. “ரெண்டு நாளா? ஏழு மாசம் போச்சு மாமா! அப்பறம் கல்யாணம் முடியட்டும்பீங்க, தலை ஆடி வரட்டும்பீங்க.”

“சும்மா கத்தாதடி,” என்றாள் அருணாதேவி. “போனைக் குடு.”

தன் போனை அவளால் கைப்பையில் கண்டுபிடிக்க முடியவில்லை. பொன்னியின் போனை வாங்கி, எண்ணைச் சொல்லிப் போடச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா ஜோதியம்மாள் எடுத்தாள்.

“சம்மந்தி, நான் கவிநிலா அம்மா. நிச்சயத்தைத் தள்ளி வைக்கணுங்க... இல்ல, மண்டபமெல்லாம் கெடச்சிடுச்சு. நாளு நல்ல நாளுதான்.” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அந்த மூச்சும் அவளுக்குப் பாதிதான் உள்ளே போயிற்று. “எனக்கு வயித்துல கட்டி. வேலூர் போறேன். எங்கம்மாவுக்கும் அதான். பாம்புன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. மின்னயே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்.”

மறுமுனையில் பேச்சு கேட்டது. பொன்னி காதை அருகில் கொண்டுபோனாள். அக்கா கையால் தள்ளிவிட்டாள். “சரிங்க... ஆமாங்க... சரிங்க,” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“உடம்பைப் பாருங்க, அவரு வந்ததும் யோசிச்சுட்டுச் சொல்றோம்னாங்க.”

“அப்டின்னா இன்னாக்கா அர்த்தம்?”

“எனக்கு இன்னாடி தெரியும்? யோசிப்பாங்க.” அக்கா மாமாவின் பக்கத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள். “கவிநிலாகிட்ட நானே சொல்றேன். யாரும் மின்னாடி ஓடிப் போயி சொல்லிக்கினு இருக்காதீங்க. இந்த வாட்டியாவது நான் சொல்றேன்.”

மாமா எழுந்து எதிர்க் கடைக்குப் போய், ஒரு மோர் பாக்கெட் வாங்கி வந்து ஓரத்தைக் கடித்துக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு வாய் குடித்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை. மீதியை அவரே குடித்தார்.

பொன்னி பைக்குள் கை விட்டபோது பட்டுத் துணி தட்டுப்பட்டது. அவளுக்கு யார்மேலாவது எரிந்துவிழ வேண்டும் போல இருந்தது. செத்துப்போன அப்பாமேலா, நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர்கள்மேலா, யோசிக்கப் போகிற சம்மந்திமேலா? யாரும் கைக்கு எட்டவில்லை.

“இதை இன்னா பண்றது?” என்று துணியை வெளியே இழுத்தாள். “நிச்சயமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“இன்னா பண்றதுன்னா? தைக்கணும். புதங்கிழமை நான் இன்னா பழைய ஜாக்கெட்டு போட்டுனு வேலூர் போறதா? பெரிய ஆஸ்பத்திரி.”

“அளவு?”

“இடுப்பு இப்ப இருக்கறது. கை பதினொண்ணு.” அருணாதேவி கொஞ்சம் யோசித்தாள். தன் மேல்கையை மறுகையால் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். “கைல மட்டும் உள்ள துணியை வெட்டிடாதடி. ஒன்றரை இன்ச்சு வுட்டுத் தை. பின்னால பிரிச்சு வுட்டுக்கலாம்.”

பொன்னி நோட்டைத் திறந்து, மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.